ஸ்டாப்ளர் இருக்கா? ஒரு ஸ்பெஷல் எஜுகேட்டரோட ஞாயித்துக்கிழமை புலம்பல்

கேக்குதா? மைக்ல பச்சை லைட் எரியுது, அப்போ கேக்குதுன்னு வச்சுக்கறேன். வணக்கம் மக்களே, ஞாயித்துக்கிழமை காலைல ஏழரை மணி, பெங்களூர் ஸ்ரீராம்புரம், எங்க வீட்டு மொட்டை மாடி. பின்னாடி காயுற துணி எல்லாம் கீழ் வீட்டு ஆன்ட்டியோடது, கண்டுக்காதீங்க. எட்டு மணி சுமாருக்கு தண்ணி லாரி வரும், ஹாரன் கேட்டா நான் ஓடிடுவேன், அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

போன வீடியோல பசங்களுக்கு விஷுவல் ஷெட்யூல், அதான் அன்னைய வேலைகளைப் படமா வரிசையா காட்டற அட்டை, எப்படி செய்யறதுன்னு காட்டினேன்ல, அதைப் பாத்துட்டு ஓசூர்ல இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருந்தாங்க. டிகிரி முடிச்சிட்டேன் அண்ணா, பி.எட் ஸ்பெஷல் எஜுகேஷன் சேரலாம்னு இருக்கேன், ஆனா வீட்டுல அது ரொம்ப டென்ஷன் புடிச்ச வேலை வேணாங்கறாங்க, நிஜமாவான்னு. ரிப்ளை டைப் பண்ண உக்காந்தேன், நாலு வரி அடிப்பேன், அழிப்பேன். ஆமான்னு சொன்னா அந்தப் பொண்ணு வராது, இல்லைன்னு சொன்னா நான் பொய்யன். அதான் கேமராவைத் தூக்கிட்டு மாடிக்கு வந்துட்டேன்.

பதினொரு வருஷமா இந்த வேலைல இருக்கேன், ஸ்பெஷல் எஜுகேட்டர், அதாவது மாற்றுத்திறனாளிப் பசங்களுக்கு டீச்சர். எங்கம்மாவுக்கு இன்னும் புரியல. வாத்தியார் வேலைக்குப் போறேன்னு சொன்ன, போய் ஆயா வேலை பாக்கறியேடான்னு ஒரு தடவை சொன்னாங்க, கோவத்துல இல்ல, நிஜமாவே சந்தேகத்துல. தப்பு சொல்ல முடியாது, என் பேன்ட் பாக்கெட்டுல சாக்பீஸ் இருக்காது, வெட் வைப்ஸ் பாக்கெட் இருக்கும். பதினாறு வயசுப் பையனுக்கு பேன்ட் ஜிப் போடச் சொல்லிக் குடுக்கறது என் சிலபஸ். ஒரு பையன் சட்டை பட்டன் தானா போட பதினாலு மாசம் ஆச்சு, தசரா லீவு முடிஞ்சு வந்தா பாதி மறந்துட்டான், மறுபடி மொதல்ல இருந்து. அதுல எனக்கு வருத்தம் இல்லைங்க, அது தெரிஞ்சுதான் வந்தேன். இந்த வேலைல டென்ஷன்னா எல்லாரும் உடனே பசங்களைத்தான் நெனைக்கறாங்க, கத்துவாங்க, அடிப்பாங்க, கடிப்பாங்கன்னு. அங்க இல்ல சமாச்சாரம்.

கடின்னு சொன்னதும் ஞாபகம் வருது, இந்தா பாருங்க, இந்தக் கை. வெளிச்சத்துல தெரியுதா? அரை வட்டமா லேசா கருப்பா இருக்கே, அதான். இதோட கதையைச் சொல்லிடறேன், கேட்ட கேள்விக்குப் பாதி பதில் இதுலயே இருக்கு.

ஜூன் மாசம், ஸ்கூல் தொறந்து ரெண்டாவது வாரம். லீவு முடிஞ்சு வந்த பசங்களுக்கு ரொட்டீன் எல்லாம் கலைஞ்சு போயிருக்கும், அந்த ரெண்டு வாரம் எங்களுக்கு எப்பவுமே கத்தி மேல நடக்கற மாதிரி. இந்த வருஷம் அதோட பக்கத்து சைட்டுல புது பில்டிங் வேற, டைல்ஸ் கட்டிங் மெஷின் போட்டா பல்லு கூசும் நமக்கே. என் கிளாஸ்ல ஒரு பையன், பதினஞ்சு வயசு, எழுபது கிலோ, தங்கமானவன், ஆட்டிசம், அவனுக்கு அந்த மாதிரி சத்தம் காதுல கேக்கறதில்ல, உடம்புல குத்தும். ரூம் மாத்திக் குடுங்கன்னு ரெண்டு தடவை ஆபீஸ்ல எழுதிக் குடுத்தேன், பாக்கலாம் சார்னாங்க. பாத்துட்டே இருந்தாங்க.

அன்னைக்கு என் கிளாஸ்ல ஒன்பது பசங்க, நான், ஹெல்பர் ஆன்ட்டி. எட்டே முக்காலுக்கு உள்ள போனவன் பதினொன்னே முக்கால் வரைக்கும் பாத்ரூம் போகல. போக முடியாதுங்க, ஒருத்தன் வெளிய ஓடிடுவான், ஒருத்தனுக்கு ஃபிட்ஸ் ஹிஸ்டரி இருக்கு, ஆன்ட்டிக்கு அம்பது வயசு முட்டி வலி. முடியவே முடியாதுங்கற நிலைமைல, ஆன்ட்டி ஒரு நிமிஷம்னு சொல்லிட்டு ஓடினேன். நாலு நிமிஷம் ஆயிருக்கும். அந்த நாலு நிமிஷத்துல மெஷின் ஆன் ஆயிருச்சு. நான் திரும்பி வரும்போது பையன் தலையை செவுத்துல மோதிட்டு இருக்கான், ஆன்ட்டி அழுதுட்டு இருக்காங்க, மத்த எட்டு பேருல மூணு பேரு காதைப் பொத்திட்டு கத்தறான். நான் செவுத்துக்கும் அவன் தலைக்கும் நடுவுல கையை விட்டேன். அவன் என்னைக் கடிக்கலைங்க, முன்னாடி வந்த கையைக் கடிச்சான், அவ்வளவுதான். சத்தம் நின்னதும் அவனே வந்து என் சட்டைக் கையை இழுத்து இழுத்துப் பாத்தான். சோப்பு போட்டுக் கழுவி, டிடி ஊசி போட்டுட்டு மத்தியானம் திரும்ப கிளாஸுக்கு வந்துட்டேன். வரலைன்னா ஒன்பது பேரை யாரு பாக்கறது?

இதுவரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகலைங்க, சத்தியமா. சாயங்காலம் நாலு மணிக்கு இன்சிடென்ட் ஃபார்ம் வந்துச்சு பாருங்க, அதுல ஆறாவது கேள்வி, இதைத் தடுக்க ஆசிரியர் என்ன செய்திருக்கலாம்? மத்த எந்தக் கேள்வியிலயும் ஸ்கூல் என்ன செய்திருக்கலாம்னு இல்ல. உனக்கு வலிக்குதான்னும் இல்ல. நான் பேனாவை எடுத்து, பாத்ரூம் போகாமல் இருந்திருக்கலாம், அப்படின்னு எழுதிக் குடுத்துட்டேன்.

மறுநாள் கூப்பிட்டாங்க. உங்க டோன் சரியில்ல சார்னு சொன்னாங்க.

அன்னைக்கு நைட்டு மெட்ரோல பேக்கை மடில வச்சுட்டு நான் அழுதேன், ராஜாஜிநகர்ல இருந்து குவெம்பு ரோடு வரைக்கும், எதிர்ல உக்காந்திருந்த பெரியவர் ஒருத்தர் பேசாம தண்ணி பாட்டிலை நீட்டினார். கடிச்சதுக்கு அழல, அந்த ஆறாவது கேள்விக்கு அழுதேன்.

சரி, இப்போ கொஞ்சம் சட்டம் பேசுவோம், போரடிக்காம சொல்றேன். 2016ல மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்துச்சு, 1995 சட்டத்துல 7 வகைதான் இருந்துச்சு, இதுல 21 ஆச்சு, ஆட்டிசம், டிஸ்லெக்ஸியா மாதிரி கத்துக்கறதுல வர்ற குறைபாடு எல்லாம் உள்ள வந்துச்சு. ரொம்ப நல்ல சட்டம். பசங்க உள்ள வந்தாங்க, அவங்களுக்கு வாத்தியாருங்க எங்க? 2021 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புல கணக்கே போட்டுக் காட்டிச்சு. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் இருக்கற பசங்கன்னா 5 பேருக்கு ஒரு டீச்சர், செரிப்ரல் பால்சி, அதான் மூளைப் பாதிப்பால கை கால் அசைவு சரியா வராத பசங்கன்னா 8 பேருக்கு ஒருத்தர், கண்ணும் காதும் ரெண்டும் இல்லாத குழந்தைன்னா 2 பேருக்கு ஒருத்தர். சாதா ஸ்கூல்ல சேந்து படிக்கற ஸ்பெஷல் பசங்களுக்கு பிரைமரில 10க்கு ஒண்ணு, அதுக்கு மேல 15க்கு ஒண்ணு, அதை 2022ல மத்திய அரசு நோட்டிஃபிகேஷனாவே போட்டுருச்சு. அப்புறமும் 2025 மார்ச்ல அதே கோர்ட்டு எல்லா மாநிலத்தையும் பாத்து எத்தனை போஸ்ட் வேணும்னு மொதல்ல அறிவிங்கப்பான்னு சொல்ல வேண்டி வந்துச்சு. ஆளைப் போடறது அப்புறம், நாற்காலி எத்தனைன்னு எண்ணறதுக்கே மூணு வருஷத்துக்கு மேல. என் கிளாஸ்ல ஒன்பது பேருன்னு சொன்னேன்ல, இப்போ நீங்களே கணக்கு போட்டுக்கோங்க.

இன்னொண்ணு, நான் ஆம்பளை. இந்த ஃபீல்டுல ஆம்பளைங்க ரொம்பக் கம்மி, எங்க ஸ்டாஃப் ரூம்ல இருபது பேருல ரெண்டு பேரு. அதனால எந்த கிளாஸ்ல பெரிய பையன் ஒருத்தன் கோவப்பட்டாலும் கன்னடத்துல சார் பன்னி பன்னின்னு, அதாவது வாங்க வாங்கன்னு, வந்து கூட்டிட்டுப் போவாங்க, ஊருக்கு இளைச்சவன் புள்ளையார் கோயில் ஆண்டின்ற மாதிரி. நான் படிச்சது பிடிச்சு நிறுத்தறதுக்கு இல்லம்மா, அவன் ஏன் கோவப்படறான்னு கண்டுபிடிக்கறதுக்குன்னு எத்தனை தடவை சொன்னாலும் பிரயோஜனம் இல்ல. நான் அங்க ஓடினா என் ரூம்ல யாரு?

அதுலயும் நான் தமிழ். பெங்களூர்ல இருக்கற தமிழ் ஆளுங்களுக்கு இது தெரியும், ஆபீஸோ ஆஸ்பத்திரியோ, தமிழ் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களான்னு ஒரு குரல் வரும், கை தூக்கினா முடிஞ்சுது கதை. தர்மபுரி, திருவண்ணாமலை பக்கத்துல இருந்து பில்டிங் வேலைக்கு வந்த குடும்பம், அல்சூர்ல ஆயா வேலை பாக்கற அம்மா, யாரு அட்மிஷனுக்கு வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவாங்க. சைக்காலஜிஸ்ட் இங்கிலீஷ்ல சொல்றதை நான் தமிழ்ல சொல்லணும். உங்க பையன் வயசு பன்னெண்டு, ஆனா அவனோட வளர்ச்சி மூணு வயசுக் குழந்தை அளவுல இருக்குன்னு. சொல்றவங்க அவங்க, ஆனா அந்த அம்மா நிமிர்ந்து பாக்கறது என் மூஞ்சியைத்தான், ஏன்னா அந்த வார்த்தை என் வாய்ல இருந்துதான் வந்துச்சு.

இதுல ஒரு கூத்து வேற, யாரோ அவங்ககிட்ட வீட்டுல தமிழ் பேசாதீங்க, இங்கிலீஷ் மட்டும் பேசுங்க, ரெண்டு பாஷைன்னா குழந்தை குழம்பிடும்னு சொல்லி அனுப்பியிருப்பாங்க. அந்தம்மாவுக்கு தெரிஞ்ச இங்கிலீஷ் கம், கோ, சிட், ஈட். ரெண்டு பாஷை கேக்கறதால ஆட்டிசக் குழந்தைக்குப் பேச்சு கெட்டுப் போறதில்லன்னு ஆராய்ச்சியெல்லாம் எப்பவோ சொல்லியாச்சு, ஆனா அந்த அம்மா மூணு வருஷமா புள்ளைகிட்ட நாலே வார்த்தைதான் பேசியிருக்காங்க. தாலாட்டு கூட பாடறதில்ல சார்னாங்க. இதைக் கேட்டுட்டு வந்து நான் மத்தியானம் ரெண்டு மணிக்கு கலர் சார்ட்டிங், அதான் பொருளைக் கலர் வாரியா பிரிச்சு வைக்கற பாடம், எடுக்கணும்.

கடைசில எல்லாருமே ஒரு கேள்வி கேப்பாங்க. ஐடி கம்பெனில ரெண்டு பேரும் வேலை பாக்கற பேரன்ட்டா இருந்தாலும் சரி, மேஸ்திரியா இருந்தாலும் சரி, அதே கேள்வி. எங்களுக்கு அப்புறம் இவனை யாரு சார் பாத்துப்பா? பதினொரு வருஷத்துல எத்தனை தடவை கேட்டிருப்பேன்னு கணக்கில்ல. பதில் எனக்குத் தெரியாது. எந்த பி.எட்லயும் அதுக்கு யூனிட் இல்ல. அந்தக் கேள்வியை மட்டும் டிபன் பாக்ஸ் கூட பேக்ல போட்டுட்டு வீட்டுக்கு வந்துடுவேன், நைட்டு ஒன்பதே முக்காலுக்கு வாட்ஸ்அப் வேற வரும், சார் இன்னைக்கு சாப்பிடவே மாட்டேங்கறான், ஸ்கூல்ல ஏதாவது ஆச்சான்னு. ப்ளூ டிக் விழுந்துட்டா பதில் சொல்லணும்.

ஒரு நிமிஷம்... லாரியா? இல்ல, ஸ்கூல் வேன். ஞாயித்துக்கிழமை எந்த ஸ்கூலுப்பா?

எங்க விட்டேன், ஆங். நாங்க பசங்களுக்கு ஏபிசி சார்ட் போடுவோம். ஒரு பையன் கத்தினான்னா, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, அவன் என்ன பண்ணினான், அதுக்கப்புறம் என்ன கெடச்சுது, மூணு கட்டம். ஒரு வாரம் எழுதினாலே காரணம் புடிபடும். அந்தக் கடி சம்பவத்துக்கு அப்புறம் எனக்குத் தூக்கம் வரல, வீட்டுல எரிஞ்சு எரிஞ்சு விழறேன், சரின்னு எனக்கே ஒரு சார்ட் போட்டேன். ஒரு வாரத்துல பதிமூணு என்ட்ரி, மொதல் கட்டத்துல பசங்க எத்தனை தடவை வர்றாங்கன்னு பாத்தா, ரெண்டு. மிச்சமெல்லாம் ஆன்ட்டி லீவு, சாப்பாட்டு நேரத்துல விசிட்டர்ஸ் வந்து கிளாஸைச் சுத்திப் பாத்தது, ஐஇபி ஃபைல், அதான் ஒவ்வொரு பையனுக்கும் தனித்தனியா போடற பாடத் திட்டம், அது மூணு காப்பி இன்னைக்கே வேணும், டிசம்பர் 3 டான்ஸ் ரிகர்சல். டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினம், தெரியுமில்ல, சத்தமே ஆகாத பசங்களை ஸ்பீக்கர் முன்னாடி நிறுத்தி ஆட வைக்கற நாள். யாருக்குக் கொண்டாட்டம்னு கேட்டா அதுக்கும் டோன் சரியில்லம்பாங்க.

அந்த சார்ட்டுல ஒரு என்ட்ரி இருக்கு, அதை இதுவரைக்கும் யாருகிட்டயும் சொல்லல. ஒரு பையன் படில தடுக்கி விழுந்தான். விழுந்ததைப் பாத்ததும் எனக்கு மொதல்ல வந்த நெனைப்பு என்ன தெரியுமா? ஐயோ இன்னொரு ஃபார்ம். அடி பட்டுச்சான்னு இல்லைங்க. ஃபார்ம். ஓடிப்போய்த் தூக்கினேன், ஒண்ணும் ஆகல அவனுக்கு, ஆனா எனக்கு என்னமோ ஆயிருச்சுன்னு அப்போதான் பயம் வந்துச்சு.

பேர்ன் அவுட்னு சொல்றாங்கல்ல, 2022 ஜனவரில இருந்து நடைமுறைல இருக்கற உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல், ஐசிடி 11, அதுல இது இருக்கு, ஆனா நோயா இல்ல, வேலையோட சம்பந்தப்பட்ட ஒரு நிலைமைன்னு. மூணு அடையாளம் சொல்றாங்க. உடம்பும் மனசும் வறண்டு போறது, வேலை மேல ஒரு கசப்பு, ஒட்டாம போறது, அப்புறம் நாம ஒண்ணுமே சாதிக்கலைன்னு தோணறது. அந்தப் பையன் விழுந்தப்போ எனக்கு வந்தது ரெண்டாவது. எனக்கு அதுல புடிச்சதே அந்த விளக்கத்துல வேலை இடத்து அழுத்தம்னு தெளிவா எழுதியிருக்கறதுதான். உன் மனசு வீக்குன்னு எழுதல. நம்ம ஆளுங்க என்ன பண்றாங்க, டீச்சர்ஸுக்கு டென்ஷன்னு சொன்னா ஒரு வெல்னஸ் ஒர்க்ஷாப் போடறாங்க, அதுவும் எங்க லீவு நாளான சனிக்கிழமைல! பலூன் ஊதி உடைச்சோம், கண்ணை மூடிக் கடற்கரையை நெனைங்கன்னாங்க. நான் நெனச்சேன், கடற்கரைல ஒன்பது பசங்க, ஆன்ட்டி லீவு.

சிரிங்க சிரிங்க. ஆனா நிஜமாவே தூக்கம் போயி, தப்புத் தப்பா யோசனை வர்ற அளவுக்கு யாராவது இருந்தீங்கன்னா, டெலி மனஸ்னு ஒரு மனநல உதவி ஃபோன் லைன் இருக்கு, 14416, 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது, காசு கிடையாது, ராத்திரி கூட எடுப்பாங்க, தமிழ்லயும் பேசலாம். நம்ம ஊர் மனநல ஆஸ்பத்திரி நிம்ஹான்ஸ்தான் அதுக்குத் தலைமை மையம். நான் பேசியிருக்கேன், அதனால சொல்றேன்.

எனக்கு உண்மைல உதவினது என்னன்னா, பக்கத்து ரூம் மிஸ். மங்களூர்காரங்க, எனக்கு சீனியர். அவங்களும் என்னை மாதிரியே மூணு மணி நேரம் அடக்கிட்டு உக்காந்திருக்கறவங்கதான், யூரின் இன்ஃபெக்ஷன் வேற வந்து வந்து போகும். எங்க ரெண்டு பேரு ரூமுக்கும் நடுவுல ஒரு கதவு இருக்கு, அதைத் தொறந்து வச்சுட்டு ஒரு ஒப்பந்தம் போட்டோம். யாருக்கு முடியலையோ அவங்க கதவு கிட்ட போய், ஸ்டாப்ளர் இருக்கான்னு கேக்கணும். கேட்டா மத்தவங்க எதுவும் பேசாம கதவுல வந்து நிக்கணும், ரெண்டு கிளாஸையும் பத்து நிமிஷம் பாத்துக்கணும். எதுக்குன்னு கேக்கக் கூடாது. பாத்ரூமா இருக்கலாம், அழுகையா இருக்கலாம், சும்மா வராண்டால நின்னு மரத்தைப் பாக்கறதா இருக்கலாம். இது தப்புதான், பதினேழு பசங்களுக்கு ஒருத்தர், கோர்ட்டு சொன்ன கணக்குக்குப் பக்கத்துல கூட வராது, ஆனா ஆஃபிஸ்ல எழுதிக் குடுத்துட்டு காத்திருந்த ரெண்டு வருஷத்துல கெடைக்காத பத்து நிமிஷம் இதுல கெடச்சுது.

ஒரு வாரத்துல ஆறு தடவை ஸ்டாப்ளர் கேட்டிருக்கோம் போல, யாரோ காதுல விழுந்து, ஆபீஸ்ல இருந்து ரெண்டு ரூமுக்கும் ஆளுக்கு ஒரு புது ஸ்டாப்ளர் குடுத்து அனுப்பிட்டாங்க, பின் பாக்கெட்டோட, ஸ்டாக் ரெஜிஸ்டர்ல கையெழுத்து வாங்கிட்டு! பதினொரு வருஷத்துல நான் கேட்டு ஸ்கூல் உடனே வாங்கிக் குடுத்த ஒரே சாமான் அதுதான். லேமினேஷன் ஷீட்டும் வெல்க்ரோவும் இன்னும் அவென்யூ ரோடுல என் காசுலதான் வாங்கறேன்.

அந்தப் பையன் பத்தி கேப்பீங்க. நல்லா இருக்கான். அவனுக்கு பிரேக் கார்டு சொல்லிக் குடுத்திருக்கேன், முடியலைன்னா அந்த மஞ்சள் கார்டை எடுத்து நம்ம கைல குடுத்துட்டு மூலைல பீன் பேக்ல போய் உக்காந்துக்கலாம். ரெண்டு வாரம் முன்னாடி நான் ஏதோ டென்ஷன்ல ரூமுக்குள்ள இங்கயும் அங்கயும் நடந்துட்டு இருந்தேன், வந்து என் கைல கார்டைக் குடுத்து என்னைத் தள்ளிட்டுப் போய் பீன் பேக்ல உக்கார வச்சுட்டான். ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் அச்சோ எவ்வளவு பாசம்னாங்க. பாசமெல்லாம் இல்லைங்க, நான் நடக்கற செருப்புச் சத்தம் அவனுக்குத் தாங்கல, அதான் ஒழுங்கா ஓரமா உக்காருன்னு சொல்லிட்டான். எனக்கு அதுவே போதும்.

ஆனா இந்தப் பாசம், சேவை, புண்ணியம், இதைப் பத்தி ஒண்ணு. சார் உங்களுக்கு எவ்வளவு பொறுமை, நீங்க தெய்வம் மாதிரின்னு சொல்லுவாங்க. போன மாசம் புது வீடு பாக்கப் போனேன், என்ன வேலைன்னு கேட்டுட்டு ஹவுஸ் ஓனர் கையெடுத்துக் கும்பிட்டார், பெரிய புண்ணியம் சார்னு. கும்பிட்டு முடிச்சிட்டு அட்வான்ஸ் பத்து மாசம்னார். புண்ணியத்துல ரெண்டு மாசம் கழிச்சுக்கக் கூடாதான்னு கேக்க நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சம்பளம் பேச வேண்டிய இடத்துல எல்லாம் இந்த வார்த்தையைக் கொண்டு வந்து வைக்கறாங்க, நீங்களும் கூச்சப்பட்டு வாயை மூடிக்கறீங்க, நானும் மூடிட்டு இருந்தேன்.

சரி தங்கச்சி, உங்க கேள்வி. படிங்க. படிச்சு முடிச்சதும் ஆர்சிஐல, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல, ரெஜிஸ்டர் பண்ணிக்கோங்க, 1992 சட்டப்படி அது இல்லாம இந்த வேலை பாக்கவே கூடாது, அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். அப்புறம் இன்டர்வியூவுக்குப் போவீங்கல்ல, அவங்க உங்களை ஆட்டிசம்னா என்ன, ஐஇபின்னா என்னன்னு எல்லாம் கேட்டு முடிச்சிட்டு, உங்களுக்கு ஏதாவது கேக்கணுமான்னு கேப்பாங்க. நாம எல்லாரும் இல்ல மேடம்னு சிரிச்சிட்டு எழுந்து வந்துடுவோம். வராதீங்க. ஒரு ரூமுக்கு எத்தனை பசங்கன்னு கேளுங்க. ஹெல்பர் லீவுன்னா மாத்து ஆளு யாருன்னு கேளுங்க. அடி பட்டா ஆஸ்பத்திரி செலவு யாரோடதுன்னு, இன்சிடென்ட் ஃபார்ம் ஒண்ணு காட்டுங்கன்னு கேளுங்க, காட்டினா அதுல ஆறாவது கேள்வி மாதிரி ஏதாவது இருக்கான்னு பாருங்க. கடைசியா, நான் பாத்ரூம் போகணும்னா என் கிளாஸ்ல யாரு நிப்பாங்கன்னு கேளுங்க. சிரிப்பாங்க, பரவால்ல, நீங்க சிரிக்காம உக்காந்திருங்க. ஒரு ஆளோட பேரு வந்துச்சுன்னா அங்க சேரலாம். அதெல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்மான்னு சொன்னாங்கன்னா குடுத்த காபியைக் குடிச்சிட்டு...

ஹாரன். லாரி வந்துருச்சு, குடத்தை எடுத்து வச்சேனான்னு கூட தெரியல, அம்மா கீழ இருந்து கத்தறாங்க. ...வர்றேன்ம்மா!... கிளம்பி வந்துடுங்க தங்கச்சி, அதைத்தான் சொல்ல வந்தேன். கேமராவை எங்க ஆஃப் பண்றது இது...